ரதல்ல குறுக்கு வீதி: ஓட்டிகளுக்கு

நிஸ்தார் நானாவின் கடையில்
பஞ்சர் ஒட்டுகிறவன் நான்.
கொழும்பிலிருந்து வந்த நீங்கள் இருவரும்
நுவரெலியாவுக்கு வழி கேட்டீர்கள்,
ஏற்றம் எத்தனை மீற்றர் என்றும்.
தாளில் எழுதித் தருகிறேன் என்றேன்.
உட்கார்ந்தால் இவ்வளவு வருகிறது.

ஹட்டனில் ஐந்தரைக்குள் கிளம்புங்கள்,
முதல் பஸ்ஸின் புகைக்கு முன்னால்.
கொட்டகலை வரை கால் ஒன்றும் பேசாது.
சென்கிளேயர் அருவியில் படம் எடுக்க நிற்பீர்கள்.
நில்லுங்கள்.
வியர்வை ஆறி முழங்கால் கடுத்தால்
நான் பொறுப்பில்லை.

தலவாக்கலையில் வடை வாங்குங்கள்.
லிந்துலைக்கு அப்பால் மூன்று நாய்கள்.
வெள்ளைக்குச் சைக்கிள் பிடிக்காது,
வடை பிடிக்கும்.

இனி ரதல்ல.
பெரிய வண்டிகளுக்குத் தடை என்று பலகை இருக்கும்.
பிரேக் போன வண்டிகளின் சிராய்ப்பு
மதில் கல்லில் இருக்கும்.
இறங்குகிறவர் பயப்படும் பாதையில்
நீங்கள் ஏறுகிறீர்கள்.
பயப்பட மூச்சு மிஞ்சாது.

மீற்றர் கேட்டீர்கள்.
எனக்குத் தெரிந்த அளவு இதுதான்:
முதல் வளைவு ஒரு மிடறு தண்ணீர்.
இரண்டாவதில் கியர் தீர்ந்துவிடும்.
மூன்றாவதில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும்.
நாலாவதில் இறங்கித் தள்ளினால்
தோட்டத்தில் அதற்குப் பெயர் அரைப்பேர்.
நான் பலநாள் அரைப்பேர்க்காரன்.

என் சைக்கிள் ஜப்பானிலிருந்து
கொள்கலனில் வந்தது.
மட்கார்டில் யாரோ ஒரு பள்ளிப்பிள்ளையின் எண்,
இரண்டு, நானூற்றுப் பதினேழு.
அந்தப் பிள்ளை இப்போது கார் வாங்கியிருக்கும்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை
நாலாவது வளைவில் சங்கிலி அறுந்தது.
விரலெல்லாம் கறுப்பு.
தேயிலைக்குள்ளிருந்து கொழுந்துச் சாக்கோடு
ஸ்டெல்லாமேரி அக்கா இறங்கி வந்தாள்.

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு தம்பி சைக்கிள்?"

என்னிடம் பதில் இல்லை.

"மடுவத்துல நிறுக்கிறத நிப்பாட்டிருவாங்க. குடு."
"ஓட்டுவீங்களா?"
"எட்டாம் வகுப்பு வரைக்கும் ஓட்டினேன். பிரேக்கு எது?"
"சங்கிலி அறுந்திருக்கே அக்கா."
"எறக்கத்துக்கு எதுக்குச் சங்கிலி?"

செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து
என் தோளில் போட்டாள்.
இருபது கிலோ கொழுந்தைப் பின்னால் கட்டி
ஒரு காலால் தரையை உந்தினாள்.
வளைவில் கேட்ட சத்தம்
பயமா என்று நான் யோசிக்குமுன்
சிரிப்பாகித்
தேயிலைக்குக் கீழே போய்விட்டது.

நடந்து இறங்கினேன்,
கையில் செருப்பு, தோளில் ஈரப் படங்கு.
பாண்காரரின் ஆட்டோ
பாட்டோடு என்னைத் தாண்டிப் போனது.
அவர் திரும்பிப் பார்த்துப்
பாட்டை இன்னும் கூட்டினார்.

மடுவத்தில் அவள்தான் முதல் ஆள்.
கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துத்
தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழித்தார்.
"சைக்கிள் காத்துல எல்லாம் காஞ்சிருச்சு சேர்."
கழித்தது கழித்ததுதான்.

முன்சில்லு கொஞ்சம் கோணியிருந்தது.
பரவாயில்லை என்றேன்.
சில்லு நிமிர்த்துவது என் தொழில்,
ஆனாலும் கைவரவில்லை இன்னும்.

ஆக, நாலாவது வளைவில்
இடப்பக்கம் தேயிலைக்குள் ஒரு தடம் ஏறும்.
உங்கள் கருவி அதைக் காட்டாது.
சைக்கிளுக்கானதும் அல்ல.
அதில் ஒரு நாளைக்கு எத்தனை மீற்றர் என்று
அக்காவிடம் கேட்டேன்.
"நீ எண்ணிச் சொல்லு" என்றாள்.

நானுஓயாவில் தேநீர் குடியுங்கள், சீனி கூட.
இரண்டு மணிக்கு மழை.
பிரேக் கட்டை புதிதாய்ப் போட்டிருக்கிறேன்,
காசை நானாவிடம் கொடுங்கள்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று
நானா இப்போதுதான் சொல்கிறார்.
பரவாயில்லை.
திரும்பி இறங்கும்போது
இந்தத் தாளை நாலாய் மடித்துச்
சட்டைக்குள், நெஞ்சில் வையுங்கள்.
குளிர் அறையாது.